சில்லு பெயரும் கல்லை வெளியில் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஆதிமனிதர்கள் செய்ததுபோலக் கல்லில் கத்தியும் அம்புமுனையும் செய்து பார்க்க ஆசை. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பொறுக்கிவந்து தட்டினால் சிலது பொடிந்துபோகிறது, சிலது நடுவில் இரண்டாகப் பிளக்கிறது, சிலது எவ்வளவு அடித்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. எந்தக் கல் சரிப்படும், அதை எங்கே தேடுவது, பார்த்ததும் எப்படி அடையாளம் காண்பது?

பார்த்ததும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கல்லின் மேல்தோல் பெரும்பாலும் பொய் சொல்லும். உடைந்த முகம்தான் உண்மையைச் சொல்லும். அதேபோல, ஒரு குறிப்பிட்ட கல்லின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு தேடவும் வேண்டாம். சிக்கிமுக்கிக் கல் என்றாலே நல்லது என்று நினைக்கிறவர்கள், உள்ளே வெடிப்பு ஓடிய சிக்கிமுக்கிக் கல்லை மூட்டை கட்டித் தூக்கிவந்து ஏமாறுவார்கள். வெறும் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உண்டான கல்) என்று ஒதுக்கப்படுகிற கல்லில் அருமையான கைக்கோடரி வரும். சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் குவார்ட்சைட்டில் செய்தவைதான். பெயர் எதுவானாலும், அந்தக் குறிப்பிட்ட கல் எப்படி உடைகிறது என்பதுதான் கேள்வி.

உடைவதன் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் தேடுவது பாதி சுலபமாகிவிடும். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிறு குண்டு பட்டால், பின்பக்கம் கூம்பு வடிவில் ஒரு துண்டு தெறித்து விழுந்திருக்கும். அடித்த விசை கண்ணாடிக்குள் கூம்பாகப் பரவுகிறது என்பதுதான் காரணம். கல்லின் விளிம்பில் அடிக்கும்போது அந்தக் கூம்பின் ஒரு பகுதி மட்டும் கல்லை ஒட்டி ஓடி, மெல்லிய சில்லாகப் பெயர்கிறது. விசை இப்படி நாம் நினைத்த திசையில் ஓட வேண்டுமானால், கல்லுக்கென்று தனியாக ஒரு திசை இருக்கக் கூடாது. அடுக்கு இருந்தால் அடுக்கோடு போகும். பெரிய படிகம் இருந்தால் அதன் முகத்தோடு போகும். பழைய வெடிப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கருங்கல்லில் மூன்று நான்கு கனிமங்கள் கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு உடையும். அதனால்தான் அது பொடிகிறது. பலகைக்கல் அடுக்கடுக்காகப் பிரியும். சில சுண்ணாம்புக்கல் சீராகவே உடையும், ஆனால் வரும் விளிம்பு மென்மையானது, எதையும் அறுக்காது.

நமக்கு வேண்டியது மூன்றே குணங்கள்: கல்லின் மணிகள், அதாவது துகள்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மை, உள்ளே முழுக்க ஒரே சீர், கண்ணாடிபோல் முறியும் தன்மை. சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் ஆன பொருள், அதிகமுள்ள கற்களில்தான் இந்த மூன்றும் பெரும்பாலும் சேர்ந்து வரும்.

சரி, எங்கே தேடுவது? நடக்கத் தொடங்குவதற்கு முன் அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் அரசு நிலவியல் துறையே இதை வெளியிடுகிறது, இணையத்திலும் கிடைக்கும். வரைபடத்தில் சுண்ணாம்புப்பாறை அல்லது சாக்குப்பாறை (மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப்பாறை) என்று இருந்தால் செர்ட், அதன் இனமான சிக்கிமுக்கிக் கல் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. பழைய கடல்களில் வாழ்ந்த கடற்பஞ்சு முதலான உயிரினங்களின் சிலிக்கா எலும்புக்கூடுகள் கரைந்து, சுண்ணாம்புச் சேற்றுக்குள் மறுபடி கட்டியாகத் திரண்டவை இவை. எரிமலைக் குழம்புப் பாறை என்றால் ரகத்தைப் பாருங்கள். சிலிக்கா மிகுந்த ரயோலைட் இருக்கும் இடத்தில் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் இருக்கலாம். கறுத்த பசால்ட் என்றால், அதன் வாயுக்குழிகளில் பின்னாளில் நிரம்பிய அகேட், கால்செடனி போன்ற நுண்மணிச் சிலிக்காக் கற்கள் கிடைக்கலாம். மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பகுதிகளில் குவார்ட்சைட். கருங்கல்லும், பட்டை பட்டையான நைஸ் பாறையுமே நிறைந்த நிலம் என்றால் செர்ட்டைத் தேடி அலைய வேண்டாம். அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளும், வேறு நிலத்திலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்ததும்தான் உங்களுக்கு.

அப்சிடியனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது கண்ணாடி, காலப்போக்கில் மெல்ல மெல்லப் படிகமாகிக் கெட்டுப்போகும். ஆகவே நிலவியல் கணக்கில் இளமையான எரிமலைப் பகுதிகளில்தான் அது கிடைக்கும். நூறு கோடி ஆண்டுப் பழம்பாறை நிலத்தில் கறுப்பாகப் பளபளக்கும் கண்ணாடித் துண்டு கிடந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது பழைய உலோக உலையின் கசடாக இருக்கும். உள்ளே குமிழிகள் நிறைந்திருக்கும், பச்சையோ நீலமோ ஓடும். கசடும் சில்லு பெயரும் என்பது வேறு விஷயம், பழகுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாறை இருக்கும் இடம் தெரிந்த பிறகும் நேராகப் பாறையிடம் போகாதீர்கள். ஆற்றுக்குப் போங்கள். ஆறு ஏற்கெனவே ஒரு சலிப்பு சலித்து வைத்திருக்கும். மென்மையானது தேய்ந்து மணலாகிவிடும், வெடிப்புள்ளது வழியிலேயே பிளந்துவிடும், மிஞ்சியது கொஞ்சமாவது தாங்கும் கல். நீர் வற்றிய காலத்தில் ஆற்று வளைவின் உட்பக்கச் சரளைத் திட்டுதான் தேடுவதற்கு முதல் இடம். நல்ல கல் ஒன்று கிடைத்தால் அதன் மூலைகளைப் பாருங்கள். முழுக்க உருண்டிருந்தால் வெகுதொலைவு வந்திருக்கிறது. மூலைகள் இன்னும் கூராக இருந்தால் தாய்ப்பாறை பக்கத்தில்தான். கரையோடு மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு ஓடை சேருமிடத்திலும் இரண்டு பக்கச் சரளையையும் பாருங்கள். எந்தப் பக்கத்தில் அந்தக் கல் நின்றுபோகிறதோ அதை விட்டுவிட்டு மற்றதில் ஏறுங்கள். மெனக்கெட்டால் கல் புறப்பட்ட மேட்டுக்கே போய்ச் சேரலாம்.

ஆற்றிலும் கடற்கரையிலும் ஒரு குறை உண்டு. மோதி மோதி உருண்ட கல்லின் மேற்பரப்பில் சின்னச் சின்னப் பிறைக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பிறையும் தோலுக்குள் இறங்கிய ஒரு வெடிப்பின் வாய். அலையில் அடிபட்ட சிக்கிமுக்கிக் கல்லில் இது ஏராளம். வெடிப்பு தோலோடு நின்றிருந்தால் அந்தத் தோலை உரித்துவிட்டு உள்ளிருப்பதைப் பயன்படுத்தலாம். அதனால் இப்படிப்பட்ட கல்லைக் கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள்.

சுண்ணாம்பு நிலமென்றால் ஆறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மழை சுண்ணாம்பைக் கரைக்கும், செர்ட்டைக் கரைக்காது. பாறை முகத்தில் அது முண்டுமுண்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது பட்டை பட்டையாக ஓடும். பாறையே கரைந்து போன இடத்தில் செம்மண்ணுக்குள் கட்டிகளாகக் கிடக்கும். சாலைக்காக வெட்டிய மேடு, மழைநீர் அரித்த பள்ளம், உழுத நிலம், இங்கெல்லாம் நல்ல மழை பெய்த மறுநாள் பார்த்தால் கழுவிவிட்டதுபோல் தெரியும்.

ஒரே இடத்திலும் அடுக்குக்கு அடுக்குத் தரம் மாறும். இங்கிலாந்தில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் 400-க்கும் மேற்பட்ட குழிகளை வெட்டியிருக்கிறார்கள், சில 12 மீட்டருக்கும் மேல் ஆழம். வழியில் இரண்டு அடுக்குச் சிக்கிமுக்கிக் கல் குறுக்கிட்டது. மான்கொம்பால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்த ஆட்கள் அதோடு நிற்காமல் மூன்றாவது அடுக்குவரை இறங்கியிருக்கிறார்கள், ஏனென்றால் நல்ல கல் அங்கேதான் இருந்தது. மேலே கிடைத்ததை வைத்து அந்த இடத்தையே எடைபோட்டுவிடாதீர்கள்.

இப்போது கல் கையில் இருக்கிறது. தோலைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம் என்றேன். சிக்கிமுக்கிக் கல்லுக்கு வெள்ளைச் சுண்ணாம்புபோல் ஒரு பட்டை, ஆற்றுச் செர்ட்டுக்குப் பழுப்புத் தோல், அப்சிடியனுக்குச் சாம்பல் பூத்த மங்கல் மேற்பரப்பு. மூன்றும் வெளியில் அசிங்கமாகத்தான் இருக்கும். எங்காவது ஒரு மூலை தற்செயலாக உடைந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த உடைப்பு வழவழவென்று குழிந்து, உள்ளே மெல்லிய அலைக்கோடுகளோடு இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது. சங்குமுறிவு என்று நிலவியல் பாடத்தில் படித்தது இதுதான். மெழுகுபோலவோ கண்ணாடிபோலவோ ஒரு பளபளப்பு இருந்தால் இன்னும் நல்லது. சொரசொரவென்று மணி மணியாகத் தெரிந்தால் கீழே போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஓசை. கல்லை இறுக்கிப் பிடிக்காமல் விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு, இன்னொரு சிறு கல்லால் லேசாகத் தட்டுங்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோலத்தான். கணீரென்றால் உள்ளே முழுசு. தொப்பென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு ஓடுகிறது. உள்ளங்கையில் பொதித்துப் பிடித்தால் நல்ல கல்லும் செத்த சத்தம்தான் தரும், அதனால் பிடியில் கவனம். பெரிய கட்டியைக் கையில் தாங்க முடியாது என்பதால் அதற்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது.

தண்ணீர்ச் சோதனை இன்னும் நம்பகமானது என்பது என் எண்ணம். கல்லை நன்றாக நனைத்து வெயிலில் வையுங்கள். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், வெடிப்புக்குள் போன நீர் உடனே காயாது. ஈரம் பாதி காய்ந்த அந்த ஓரிரு நிமிடத்தில் வெடிப்புகள் எல்லாம் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். எது எங்கே ஓடுகிறது, கல்லின் எந்தப் பாதி தப்பித்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டிவிடும். மேலே சொன்ன பிறைக் கோடுகளும் இதில் தெளிவாகத் தெரியும்.

கடினத்தை அறிய எஃகுக் கத்தி நுனி போதும். கத்தி கல்லில் கீறல் போட்டால் சுண்ணாம்பு இனம். கீறல் விழாமல் கத்தியின் உலோகமே சாம்பல் கோடாகக் கல்லில் ஒட்டினால் குவார்ட்ஸ் இனம், அதாவது கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. அப்சிடியன் மட்டும் இந்த வரிசையில் சேராது, அது 5 முதல் 5.5 வரைதான், நல்ல எஃகு அதைக் கீறிவிடும். சந்தேகம் இருந்தால் கீறிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. இதெல்லாம் சரியாக இருந்தும் கல் உதவாமல் போகலாம். வெள்ளைக் குவார்ட்ஸுக்கும் கடினம் 7-தான், ஆனால் பெரும்பாலும் உள்ளே ஆயிரம் வெடிப்பு.

கடைசித் தீர்ப்பு சோதனைச் சில்லுதான். இதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம். அது நல்ல கல்லிலும் வெடிப்பை உண்டாக்கிவிட்டுப் பழியைக் கல்மேல் போடும். கைக்கு அடங்கும் உருண்டையான, உறுதியான ஆற்றுக்கல் ஒன்றைச் சுத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் கல்லில், இரண்டு முகங்கள் 90 பாகைக்குக் குறைவான கோணத்தில் சந்திக்கும் ஒரு விளிம்பைக் கண்டுபிடியுங்கள். முழு உருண்டையில் அப்படி விளிம்பே இருக்காது. நீங்கள் சொன்ன ‘அசையவே மாட்டேன் என்கிற’ கல் பெரும்பாலும் இந்த ரகம்தான். கல்லில் குறையில்லை, வாசல் இல்லை, அவ்வளவுதான். சற்றுத் தட்டையான, ஒரு முனை ஒடுங்கிய கல்லாகப் பொறுக்கினால் இந்தத் தொல்லை இராது. விளிம்பின் ஓரத்தைச் சுத்திக்கல்லால் லேசாகத் தேய்த்துவிட்டு, விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கல்லை ஒட்டி வழுக்கிப் போவதுபோல் ஓர் அடி. தயங்கித் தயங்கிப் பத்துமுறை தட்டினால் அந்த இடம் நொறுங்கி வீணாகும்.

சில்லு விழுந்ததும் கல்லைப் பார்ப்பதற்கு முன் சில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள். அடி பட்ட இடத்துக்குக் கீழே ஒரு மெல்லிய வீக்கம் இருக்க வேண்டும், கூம்பின் மிச்சம் அது. அதிலிருந்து அலைக்கோடுகள் விரிந்து போய், மறுமுனை இறகுபோல் மெலிந்து முடிந்திருந்தால் நல்ல கல். மறுமுனை படிக்கட்டுபோல் வெட்டுப்பட்டு நின்றிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: அடி போதவில்லை, அல்லது அங்கே ஒரு வெடிப்பு. அந்த வெட்டு முகத்தில் துருக்கறையோ மண்ணோ படிந்திருந்தால் பழைய வெடிப்பு, கல்லின் குற்றம். பளிச்சென்று புதிதாக இருந்தால் பெரும்பாலும் உங்கள் அடியின் குற்றம். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் நல்ல கல்லைத் தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். பிறகு சில்லின் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிக்கிமுக்கிக் கல், நல்ல செர்ட், அப்சிடியன் ஆகியவற்றின் மெல்லிய விளிம்பில் ஒளி கசியும். பசால்ட்டில் கசியாது, அதற்காக அதைத் தள்ள வேண்டாம்.

தனித்தனி ரகங்களில் சில எச்சரிக்கைகள். செர்ட் இனத்து ஜாஸ்பர் சிவப்பும் மஞ்சளுமாக மயக்கும், ஆனால் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் குவார்ட்ஸ் கோடுகள் ஓடினால் அந்தக் கோடுகளிலேயே உடைய வாய்ப்பு அதிகம். அகேட் அழகுதான், பல கட்டிகளின் நடுவில் படிகக் குகை இருக்கும், கல்லும் பிடிவாதமானது, தொடங்குகிறவருக்கு உகந்ததல்ல. கல்லாகிய மரம் சில துண்டுகளில் சீராக உடையும், சிலவற்றில் பழைய மர நார் போக்கிலேயே பிளக்கும். குவார்ட்சைட்டைச் சோதிக்க உடைந்த முகத்தை விரலால் தடவுங்கள். நல்ல குவார்ட்சைட்டில் முறிவு மணிகளை ஊடறுத்துப் போயிருக்கும், முகம் வழவழப்பாக இருக்கும். முறிவு மணிகளைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும், அது இன்னும் மணற்கல்தான். நுண்மணிப் பசால்ட்டும் ரயோலைட்டும் பலமான அடி கேட்கும், ஆனால் பெரிய கருவிகளுக்கு ஏற்றவை. வானிலையில் நைந்த தோல் கனமாக இருக்கும், அதைத் தாண்டித்தான் நல்ல கல். வெள்ளைக் குவார்ட்ஸ் மட்டுமே கிடைக்கிறது என்றால், கல்லை ஒரு பட்டறைக்கல்லின்மேல் நிறுத்தி மேலிருந்து அடிக்கும் முறை உண்டு. சிறு சிறு கூர்த்துண்டுகள் கிடைக்கும். வேறு கல் இல்லாத நிலங்களில் கற்கால மக்களும் அதைத்தான் செய்தார்கள்.

குளிர்நாடுகளில் உறைபனி கல்லுக்குள் புகுந்து வட்ட மூடிபோன்ற துண்டுகளைத் தெறிக்கவிட்டிருக்கும். காட்டுத்தீயில் வெந்த கல்லும் அப்படியே, கூடவே மேற்பரப்பெங்கும் வலைபோல் கீறல். இரண்டையும் எடுக்க வேண்டாம். இதற்கு நேர்மாறாக, அளந்து சூடாக்கினால் சில செர்ட்டும் சில்கிரீட்டும் (மண்ணும் மணலும் சிலிக்காவால் இறுகிய கல்) தரம் உயரும். தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் குகைகளில் குறைந்தது 72,000 ஆண்டுகளுக்கு முன்பே சில்கிரீட்டை நெருப்பில் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். மணலுக்குள் புதைத்து மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டிய வேலை அது. அவசரப்பட்டால் வெடிக்கும். இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவையில்லை.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஒரு சில்லுகூடத் தட்டாதீர்கள், சோதனைச் சில்லு என்றாலும் சரி. வேலையைத் திறந்தவெளியில், காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராத பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள். சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குத் தீக்கல் தட்டிப் பிழைத்தவர்கள் பலரைக் கொண்டுபோனது அந்தத் தூள்தான்.

கிடைத்த கல் பழகுவதற்குப் போதாது என்றால் தடித்த புட்டிகளின் அடிக்கண்ணாடியில் கை பழகுங்கள். கண்ணாடியில் சில்லு ஓட்டத் தெரிந்த கைக்குத்தான் கல்லின் குற்றமும் தன் குற்றமும் பிரித்துத் தெரியும்.

எடுக்கும் இடம் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவிலும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் அப்சிடியன் கிளிஃப் என்றொரு குன்று இருக்கிறது. அதன் கல் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒஹாயோவின் பழங்கால மேடுகளில் கிடைத்திருக்கிறது. இன்று அங்கிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

இன்னொன்றும் நடக்கும். நல்ல கல் இருக்கும் இடத்தை உங்களுக்கு முன்பே பலர் கண்டுபிடித்திருப்பார்கள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். தரையில் வீக்கமும் அலைக்கோடும் உள்ள சில்லுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், அல்லது ஒரு கல்லின் விளிம்பில் ஒரே திசையில் வரிசையாகச் சில்லு பெயர்ந்த தடங்கள் இருந்தால், அது ஆறு செய்த வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. எதையும் நகர்த்தாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் கல்லை வேறெங்காவது தேடுங்கள்.

இதே காரணத்துக்காக உங்கள் சோதனைச் சில்லுகளையும் அங்கே விட்டுவராதீர்கள். புதுச் சில்லு பழையதோடு கலந்தால் பின்னால் வரும் ஆய்வாளருக்கு வீண் குழப்பம். ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள். வீட்டில் சேரும் கழிவைப் புதைப்பதானால், குழிக்குள் ஆண்டு பொறித்த நாணயம் ஒன்றையும் போட்டு மூடுங்கள்.